மலைக்கு நேர்ந்துவிட்ட தாடி

என் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது குறட்டை சம்பந்தப்பட்ட நோய் என்று பெரிய டாக்டர் சொன்ன சேதி தெருவுக்குத் தெரிந்தபோது சிரிக்காதவர்கள் இல்லை. குறட்டைக்கு ஒரு டாக்டரா, அதற்கு ஒரு டெஸ்ட்டா, அதற்காக மெட்ராஸ் வரைக்கும் ரயில் ஏறிப் போவார்களா என்று பால் வாங்குகிற இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். குறட்டையைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை. குறட்டை வந்துகொண்டிருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நடுவில் அது நிற்கிறதே, அந்த இடத்தில்தான் என் உயிர் போய்த் திரும்பும்.

அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். திருத்தணியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்து வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளை விடியும் முன்னே ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் விடுவார். திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்தால் சாயங்கால டிரிப் வரைக்கும் தூக்கம். அந்த மத்தியானத் தூக்கத்தில், குறட்டை ஏறிக்கொண்டே போய் நூல் அறுந்த மாதிரி சட்டென்று நின்றுவிடும். மார்பு எழும்பும், காற்று மட்டும் உள்ளே போகாது. கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி மூக்குக்குக் கீழே விரலை வைப்பேன். கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு வரும். அதற்குள் நான் அவருக்குக் காரியம் எல்லாம் முடித்து, என் அண்ணன் வீட்டில் போய் ஒண்டி, அண்ணியிடம் இரண்டு பேச்சும் வாங்கி முடித்திருப்பேன்.

"இன்னாத்துக்கு மூஞ்சியையே பாத்துகினு குந்திகினு கீற?" என்பார், கண்ணைத் திறந்து.

"மூச்சு நின்னுபோச்சுங்க."

"நின்னிருந்தா நான் எப்டிப் பேசறேன்? போய் வேலையைப் பாரு."

ஒரு நாள் ரயில்வே கேட்டில் பஸ்ஸை நிறுத்தியவர், ரயில் போய்க் கேட் திறந்த பிறகும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தும் எழவில்லை. பஸ்ஸில் இருந்த பெண்கள் வந்து தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. கேட்டில் தூங்கியவர் ரோட்டில் தூங்கியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் போகவில்லை. பஸ் கான்ட்ராக்டருக்கும் அதே நினைப்புதான். ஆனால் அவருக்கு பஸ்ஸைப் பற்றி. "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிகினு வா, அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதே" என்று சொல்லி, என் வீட்டுக்காரரை ஷெட்டில் பஸ் கழுவ விட்டார். கழுவுகிறவன் சம்பளம்தான் கொடுத்தார்.

மெட்ராஸ் டாக்டர் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறதாம். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டி, காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கிற மெஷின் ஒன்று வேண்டும், அதைப் போட்டுத் தூங்கினால் மறுபடி பஸ் ஓட்டலாம், எழுதித் தருகிறேன் என்றார். விலையைக் கேட்டதும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பணத்துக்கு எங்கள் ஊரில் நல்ல கறவை மாடு கன்றோடு வரும். டாக்டர் இவ்வளவையும் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னார். நோயாளிக்கு முகம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

எங்களிடம் பாலிசி இருந்தது. விற்றவர் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு கூடவே இன்சூரன்ஸும் பிடித்துக் கொடுக்கிறவர். "சகலை, நீ கையெழுத்தைப் போடு. உனக்குத் தலைவலி வந்தாகூட கம்பெனி பாத்துக்கும்" என்று சொல்லித்தான் வாங்கினார். வருஷா வருஷம் பணம் கட்டும் நாள் வந்தால் காலையிலேயே வாசலில் நிற்பார். காப்பி கொடுத்தால் டிபன் இல்லையா என்பார். மெஷின் விஷயமாக நான் கடைக்குப் போன அன்று, ஏதோ பட்டாவைக் காப்பி எடுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"கேட்டுப் பாக்கலாம்மா. குறட்டைக்கெல்லாம் குடுப்பானான்னுதான் தெரில."

"தலைவலிக்கே குடுப்பான்னீங்களே பாவா."

"அது பேச்சுக்குச் சொல்றதும்மா."

அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்த ஆள் பேச்சுக்குச் சொன்னதற்குத்தான் நாங்கள் நிஜப் பணமாகக் கட்டியிருந்தோம்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் எங்கள் திருத்தணி மலைக்கு வேண்டிக்கொண்டார். மெஷின் சொந்தமாக வீட்டுக்கு வருகிற வரைக்கும் தலையிலும் முகத்திலும் கத்தி படாது, வந்ததும் மலைக்குப் போய் மொத்த முடியையும் கொடுத்துவிடுகிறேன் என்று. எங்கள் பக்கம் இது எல்லாரும் செய்கிறதுதான். காரியம் ஆகிற வரைக்கும் வளர்ப்போம், ஆனதும் கொடுப்போம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஜெராக்ஸ் கடையை நம்புவதற்கு மலையை நம்பலாம்.

இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். உள்ளே ஏசி. கண்ணாடிக்குப் பின்னால் டை கட்டிய ஒருத்தர். எங்கள் பேப்பரை நகத்தால் புரட்டினார்.

"இந்த மெஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்க இல்ல? வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பொருளுக்குப் பாலிசியில கிடையாதுங்க."

"மாத்திரைகூட வீட்டுக்குத்தான் சார் எடுத்துகினு போறோம்" என்றேன் நான்.

"அதுக்கும் கிடையாது. அட்மிட் ஆனா மட்டும்தான்."

"அப்போ ஆஸ்பத்திரியில தூங்குனா பணம் குடுப்பீங்க, வீட்ல தூங்குனா குடுக்க மாட்டீங்க."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"ஏழாவது."

ஒரு சிரிப்புச் சிரித்தார். ஏழாவதோடு நின்றதற்காக நான் எத்தனையோ இடத்தில் கூனியிருக்கிறேன். பாங்கில் ஃபாரம் நிரப்ப இன்றும் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கொடுப்பேன். அன்றைக்குக் கூனவில்லை. இவ்வளவு படித்துவிட்டு இந்த வேலை பார்க்கிறானே என்றுதான் தோன்றியது. நாங்கள் எழுந்திருக்கவில்லை என்றதும் அவரே ஒரு வழி சொன்னார். மெஷினை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள், தூங்குவதை எல்லாம் மெஷினே பதிவு பண்ணும், பலன் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். வாடகை யார் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்கப் பிடிக்கவில்லை.

வாடகை மெஷினோடு கம்பெனி ஆள் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தார். அதற்குள் இவருக்குத் தாடி கழுத்து வரைக்கும் இறங்கி, பனங்கொட்டை நார் மாதிரி நின்றது. அந்த ஆள் அந்தத் தாடிமேலேயே மாஸ்க்கை வைத்து, பின்னந்தலையில் பட்டையை இழுத்து மாட்டி, செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, "சூப்பர் சார், கரெக்டா உக்காந்திருக்கு" என்றார். கையெழுத்து வாங்கினார். இங்கிலீஷில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடினார்.

அந்த மாதம் முழுக்க மெஷின் ஓடியது. மாஸ்க் ஓரமாகப் புஸ்ஸென்று காற்று வந்து தாடி படபடவென்று ஆடும். பக்கத்தில் உட்கார்ந்தால் என் முகத்துக்கே காற்று வரும். மெஷின் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு மட்டும் பழையபடி நின்று நின்றுதான் வந்தது. போன் பண்ணிக் கேட்டால், "பழகப் பழகச் சரியாயிடும் மேடம்" என்றார்கள். எதற்குப் பழகுவது, மூச்சு நின்று போவதற்கா?

ரிப்போர்ட் வந்தது. காற்று கசிகிறது, பலன் போதாது. இன்சூரன்ஸ்காரர்கள் அதை வைத்துக்கொண்டு கிடையாது என்று செல்போனுக்கு மெசேஜ் அனுப்பினார்கள். பணம் வாங்க மட்டும் ஆள் வாசலுக்கே வருவார். பாவாவிடம் காட்டினேன். "கம்பெனி இன்னா பண்ணும்மா, மெஷினே சொல்லுதே" என்றார். அவருக்கு யார் சொன்னாலும் சரி, தான் சொன்னதாக இருக்கக் கூடாது.

மெஷினை எடுத்துப் போகப் பழைய ஆளே வந்தார். பெட்டியில் வைத்து மூடிக்கொண்டே, இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இம்மாந்தாடி வெச்சிருந்தா மாஸ்க்குல காத்து எப்டி சார் நிக்கும்? சுத்தமா ஷேவ் பண்ணியிருக்கணும். புக்குல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே."

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "அன்னிக்கு இதே தாடி மேலதான மாட்டிவிட்ட? கரெக்டா உக்காந்திருக்குன்னு போட்டோ எடுத்தியே, அதுல தாடி விழலயா?"

"சாமிக்கு விட்ட தாடி மாதிரி இருந்திச்சுக்கா. நாம எதுனா சொல்லி, நீங்க கோச்சிக்கப் போறீங்கன்னு..."

"ஆங். மூச்சு நின்னா நின்னுட்டுப் போவுது, கோவம் வரக் கூடாது."

மாஸ்க்குக்குத் தாடி ஆகாது என்று டாக்டர் சொல்லவில்லை, ஏசி ரூம் பார்க்கவில்லை, மாட்டினவன் பார்த்தும் சொல்லவில்லை. எத்தனை படித்த கண்களுக்கு முன்னால் ஒரு மனுஷன் இத்தனை பெரிய தாடியோடு போய் உட்கார்ந்திருக்கிறார். "பெட்டியை வெச்சிட்டுப் போ, இன்னொரு மாச வாடகை தரேன்" என்றேன். என் கையில் அப்போது பணம் இல்லை. பாவாவுக்கு வருஷக் கட்டணம் என்று எடுத்து வைத்திருந்தது மட்டும் அரிசிப் பானையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

இனி தாடி போக வேண்டும். இவர் மாட்டேன் என்றார்.

"சொந்தமா மெஷின் வர்ற வரைக்கும்னு வேண்டிகினு கீறேன். இது வாடகை. காரியம் ஆவறதுக்கு முன்னால முடி குடுத்தா, சாமிக்கு அட்வான்ஸ் குடுத்த மாதிரி ஆயிடும்."

"குடுத்தா இன்னாங்க? அவரு இன்னா இன்சூரன்ஸ்காரரா, வாங்கி வெச்சிகினு அப்பறம் கிடையாதுன்றதுக்கு?"

அவர் தாடியை ஒரு தரம் தடவிவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினார்.

மலையில் மொட்டை போட்டு, தாடி மீசை எல்லாம் எடுத்து, தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினோம். சொன்னபடி செய்யவில்லை, முன்னாலேயே கொடுத்துவிட்டோம், குற்றம் ஏதும் ஆகிவிடுமோ என்று படிக்குப் படி கன்னத்தில் போட்டுக்கொண்டே இறங்கினேன். வீட்டுக்கு வந்து மாஸ்க்கை மாட்டினால் முகத்தில் பச்சென்று ஒட்டியது. ஆனால் மொட்டைத் தலையில் சந்தன வழவழப்புக்குப் பட்டை நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு வந்தது. இவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பழைய பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்றைக் கிழித்துத் தலைக்கு ஒரு குல்லாய் தைத்தேன். குல்லாய்மேல் பட்டையை இழுத்து மாட்டினேன். நின்றது.

அந்த மாத ரிப்போர்ட்டில் கசிவு இல்லை, மூச்சு நிற்கவில்லை. எடுத்துக்கொண்டு டை கட்டியவரிடம் போனேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய கேஸ் முடிந்துவிட்டது, புதிதாகப் போட்டாலும் வீட்டுக்கு எடுத்துப் போகிற பொருளுக்குக் கிடையாது என்றார்.

"அப்போ எதுக்கு சார் வாடகைக்கு எடுக்கச் சொன்னீங்க?"

"ட்ரை பண்ணிப் பாக்கலாமேன்னுதான்."

எங்களை எழுப்பி அனுப்புவதற்காக அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். பாவாவும் டை கட்டியவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும்.

மெஷினைத் தவணையில்தான் வாங்கினோம். மிக்ஸியும் பீரோவும் தவணைக்குத் தருகிற அதே ஃபைனான்ஸில். வட்டியைச் சொல்லி வாங்கினான், அந்த வகையில் அவன் நேர்மையானவன். டாக்டர் எழுதிக் கொடுத்தார், அப்போதும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடிதான். இவர் மறுபடி பஸ்ஸில் ஏறினார். பாலிசிக்கு அந்த வருஷம் பணம் கட்டவில்லை. பாவா வந்து, காப்பி குடித்து, "திடீர்னு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?" என்று என் பயத்தைத் தூண்டிவிட்டுப் பார்த்தார். பயம் எனக்குப் புதிதா? டிபன் இல்லை என்றேன்.

போன வாரம், மத்தியானம், இவர் லுங்கிக் குல்லாயோடு படுத்திருந்தார். மெஷின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். விரலை மூக்கில் வைக்க முடியாது, மாஸ்க் இருக்கிறது. அதனால் கண்ணால் பார்ப்பதோடு சரி. போன் அடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண். குரலில் வெல்லம்.

"வணக்கம் மேடம். எங்க சேவையைப் பத்தி உங்க கருத்து வேணும். பத்துக்கு எவ்ளோ மார்க் குடுப்பீங்க?"

எவ்வளவோ நாளாக வாய்க்குள் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் நாக்கு நுனிக்கு வந்தது. இவர் லேசாகப் புரண்டார். பட்டை நகரவில்லை.

"மெதுவாப் பேசும்மா" என்றேன். "இங்க ஒருத்தர் தூங்கிகினு கீறாரு."

போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.