நகராத சைக்கிளில் கடல் வரை

நான் ஒரு தடவைகூடப் போகாத ஓர் ஆற்றங்கரையில் எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் வரும் என்பது எனக்கு மனப்பாடம். பிரான்ஸில் ஓடுகிற லுவார் ஆறு. ஓர்லியானில் சைக்கிளில் ஏறினால் புளுவா, தூர், சோமூர், ஆன்ஷே, நாந்த், அப்புறம் கடல். வழியெல்லாம் வெள்ளைக் கல் வீடுகள், பாப்ளார் மரங்கள், பாதித் தூக்கத்தில் புரண்டு படுத்த ஆறு, அது விலகிய இடத்தில் மணல் திட்டுகள். போன வாரம் என் கணவர் லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினார். அதே ஆறு. நாளுக்குக் கொஞ்ச தூரம்தான் மிதிக்க வேண்டுமாம், பெட்டிகளை வேனில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம், அவசரமே கிடையாதாம். "உன் பர்த்டேக்கு புக் பண்ணவா?" என்றார். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஊரெல்லாம் நான் பாத்தாச்சு" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒன்பது வயதில், கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில், எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் என்று சொல்லியிருப்பேன்.

அந்த ஆற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அம்மா. நாமக்கல்லில் ப்ளஸ் டூ படித்தபோது, மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பித் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவள். இரண்டு வருடம் படித்தும் ஒரு பிரெஞ்சுக்காரரைக்கூட அவள் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் இருந்ததாம். ஓர் அண்ணனும் தங்கையும் இந்த ஆற்றங்கரையில் சைக்கிளில் போகிறார்கள். ரொட்டி வாங்குகிறார்கள். மரத்தடியில் சாப்பிடுகிறார்கள். மறுபடியும் போகிறார்கள். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காத அந்தப் பாடத்தின் மேல் அவளுக்கு வாழ்நாள் ஆசை. கிரீன் கார்டு வரட்டும், மூன்று பேருமாகப் போவோம் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். கிரீன் கார்டு வந்தது. பிரான்ஸ் விசாவுக்குப் போட்டோகூட எடுத்தோம். அதே மாதம் அம்மாவின் வயிற்றில் கட்டி ஒன்று வளர்ந்திருப்பது தெரிந்தது. போட்டோக்கள் மேஜை டிராயருக்குள் போயின.

அடுத்த வருடம் ஹாலில் சோபாவை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டார்கள். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் தானாக எழும்பும் கட்டில். அந்தக் கட்டடத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை என்பதில் எனக்குப் பெருமை. இனிமேல் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை, நர்ஸே வீட்டுக்கு வருவார் என்று அப்பா சொன்னதும், மறுநாள் பள்ளியில் என் டீச்சரிடம் ஓடிப்போய், அம்மாவுக்குச் சரியாகிக்கொண்டு வருகிறது என்றேன். டீச்சர் விவரம் கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் விடவே இல்லை. நல்ல செய்திக்குக் கட்டிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் அப்பா, யார் வீட்டு வாசலிலோ பழைய சாமான் விற்ற ஒரு கராஜ் சேலிலிருந்து உடற்பயிற்சி சைக்கிளைத் தூக்கிவந்தார். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எதிர்ச் சுவரில் அந்த ஆற்றின் வரைபடத்தை மாட்டி, ஓர்லியானில் சிவப்புத் தலைக் குண்டூசி ஒன்றைக் குத்தினார். சான் ரமோனில் ஏதோ ஓர் ஆபீஸில் மற்றவர்களின் வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்று அட்டவணை போடுவதுதான் அவருக்கு உத்தியோகம். ஆகையால் இதற்கும் முறை உண்டு. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் மிதிப்பார். மீட்டர் காட்டும் மைலைக் கிலோமீட்டராக்கி அந்த அளவுக்குக் குண்டூசியை நகர்த்துவார். புதிய துளைக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடியாகத் தேதி எழுதுவார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாமக்கல்லிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவின் அக்கா. முதல் நாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, வூட்டுக்குள்ளயே மிதிச்சுக்கிட்டு எந்தூருக்குங் போறீங்க?"

"பிரான்ஸுக்குங்க."

"போறது போறீங்க, வர்றப்ப ரெண்டு கட்டு கருவேப்பில வாங்கிட்டு வந்துருங்க. இந்தூர்ல ஆளு ஒசரம் வெல விக்குது."

அம்மா வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். வலித்தாலும் சிரித்தாள்.

அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகப் புத்தகம் எதையோ படித்துவிட்டு வருவார் போலிருக்கிறது. மிதித்தபடி, மூச்சு வாங்கியபடி, சொல்லிக்கொண்டே வருவார். "லெஃப்ட்ல ஆறு. தண்ணி ரொம்ப இல்ல. ஒரு நாரை நம்மளப் பாத்துட்டு, பறக்கறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டு நிக்குது."

"வெயிலா?" என்பாள் அம்மா, கண்ணை மூடியபடி.

"இல்ல. மேகம் போட்டிருக்கு. உனக்குப் புடிச்ச மாதிரி."

அவர் வேகமெடுத்தால், "தூஸ்மான், தூஸ்மான்" என்பாள். நினைவில் மிஞ்சிய நாலைந்து பிரெஞ்சு வார்த்தைகளில் அது ஒன்று. மெதுவாக என்று அர்த்தம்.

ஒருநாள் சாயங்காலம், மிதித்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் நின்று, "அம்மாக்கு எப்பப்பா சரியாகும்?" என்று கேட்டேன். அப்பாவின் கால் நிற்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "கடல் வரட்டும் கண்ணு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அதைக் கையெழுத்துப் போட்ட பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

கணக்கில் நான் கெட்டி. அப்போதிருந்த வேகத்துக்குக் கோடை விடுமுறை தொடங்கும்போது கடல் வந்துவிட வேண்டும். ஆனால் சோமூரைத் தாண்டியதும் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. நாளுக்கு ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டிருந்த குண்டூசி அரிசி அளவு நகர்ந்தது. அப்புறம் எள் அளவு. ஹால் ஜன்னலில் கலிஃபோர்னியா வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, "இன்னைக்கு அங்க மழை, கிளம்ப முடியாது" என்று சைக்கிளில் சும்மா உட்கார்ந்திருப்பார். அரைமணி நேரம் மிதித்தாலும் பெடல் ஏதோ குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோலத்தான் சுற்றியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா சோற்றை ஒதுக்க ஆரம்பித்திருந்தாள். பெரியம்மா கிண்டலை நிறுத்தியிருந்தார். சாப்பாடு கொண்டுவரும் ஆன்டிகள் வாசலிலேயே டப்பாவை வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள். எல்லாம் பார்த்தும், இந்த மனிதர் ஒரு பாலத்தைத் தாண்ட நாலு நாள் எடுத்துக்கொள்கிறார்.

"ரைட்ல ஒரு சின்ன சர்ச். கடிகாரம் நின்னு போயிருக்கு. வாசல்ல ஒரு கிழவர் தூங்கறார்" என்றார் ஒருநாள்.

"இந்த சர்ச் போன வாரமே வந்துச்சு!" என்றேன்.

"அது வேற சர்ச்."

"நோ! அதே கடிகாரம், அதே தாத்தா! யூ ஆர் சீட்டிங்!"

அம்மா கண்ணைத் திறக்காமலே, "அந்தத் தாத்தா இன்னும் எந்திரிக்கலீங்களா?" என்றாள். "இல்லம்மா, நல்ல தூக்கம்" என்றார் அப்பா. இருவரும் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது. கோபித்துக்கொண்டு பெட்ரூமுக்குப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தேன். பெரியம்மா துணி துவைக்க லாண்டரி ரூமுக்குப் போயிருந்தார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் சற்றுத் திறந்து. நான் சைக்கிளில் ஏறினேன். மிதிக்காமல் நகர்த்தினால் அது கள்ள ஆட்டம் என்று எனக்குத் தெரியும். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை, நின்றுகொண்டே மிதித்தேன். தொடை எரிந்தது. மிச்ச தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, தலை சுற்றியது. லாண்டரி ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இறங்கிப்போய்க் குண்டூசியைப் பிடுங்கி, ஆன்ஷேயைத் தாண்டி, நாந்தைத் தாண்டி, இடது ஓரத்து நீலத்தில், நன்றாக உள்ளே போகும்படி, கட்டைவிரலால் அழுத்தினேன்.

அப்பா வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெடலில் கால் வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தார். கால் அசையவில்லை.

"அப்பா, வி ரீச்ட்! கடல் வந்துருச்சு!"

அவர் இறங்கி வந்த வேகத்தில் அடிக்கத்தான் போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. குண்டூசியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் குத்தப் போனார். அங்கே துளைகள் எறும்பு மொய்த்ததுபோலக் கிடந்தன. எதில் குத்துவது என்று அவருக்கே தெரியவில்லை. "யாரு உன்னய இதத் தொடச் சொன்னா? யாரு சொன்னா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஏங்க" என்றாள் அம்மா. விழித்திருந்தாள். "அவ எங்க வெச்சாளோ அங்கயே வைங்க."

"அவளுக்கு என்ன தெரியும்னு..."

"வைங்க." அப்புறம் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வா கண்ணு. கடல் எப்பிடி இருக்குது, சொல்லு."

நான் பார்த்த கடல் ஹாஃப் மூன் பே ஒன்றுதான். அதைச் சொன்னேன். "ரொம்பக் குளுருதும்மா. எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. ஒரு சீகல் பறந்து வந்து நம்ம சப்பாத்தி ரோலத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"அடப்பாவி. குருமாவோடயா?"

"குருமாவோட."

தலையணையை அழுத்திக்கொள்ளக் கையில் பலமில்லை. உதடு மட்டும் சிரித்தது. "அப்ப வந்தாச்சு" என்றாள் அப்பாவிடம். "போதுங்க. எத்தன நாளைக்குத்தான் மிதிப்பீங்க."

அப்பா குண்டூசியைக் கடலில் குத்தினார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பந்தயத்தில் ஜெயித்தவர்கள் இப்படி அழுவதை டி.வி.யில் பார்த்திருக்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டிராயரைத் திறந்து, எங்கள் மூன்று பேரின் விசா போட்டோக்களையும் எடுத்துக் கட்டிலின் மேல் வரிசையாக வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது அம்மா போய்விட்டாள்.

பத்தில் ஒரு பங்குகூட மிதிக்காமல் முழுத் தூரம் நகர்த்தினேன் அல்லவா, அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒழுங்காக மிதித்து வந்திருந்தால் கடல் வேலை செய்திருக்கும். பன்னிரண்டு வயதுவரை அப்படியே நம்பினேன். அதற்குப் பிறகு நம்பவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கணவர் லேப்டாப்பில் அந்தப் படத்தைக் காட்டிய மறுநாள் காலை, "அந்த மேப் இருக்காப்பா?" என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல், பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்துவிட்டு நடக்கப் போனார். சமையலறை ஜன்னலில் அதை விரித்துப் பிடித்தேன். வெயில் துளைகள் வழியாக என் கைமேல் விழுந்தது. ஓர்லியானிலிருந்து நல்ல இடைவெளியில் புள்ளிகள், சோமூருக்கு அப்புறம் நெருக்கம், பிறகு காகிதம் கிழிகிற அளவுக்கு நெருக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சில் தேதிகளைப் படித்தேன். கடைசி மூன்று வாரங்களில் தேதி முன்னே போகிறது, துளை பின்னே போகிறது. எள் எள்ளாக, வந்த வழியே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அது வேறு சர்ச் இல்லை. அதே சர்ச்தான். அம்மாவை ஏற்றிக்கொண்டு அந்த மனிதர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார், நான் பின்னால் நின்று வேகமாக மிதிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

இடது ஓரத்து நீலத்தில், கட்டைவிரலால் அழுத்தியதில் மற்றவற்றைவிடப் பெரிதாகிவிட்ட துளைக்குப் பக்கத்திலும் ஒரு தேதி இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. நான் குத்தியது வெள்ளிக்கிழமை. அவர் எழுதியிருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியை.