காகத்துக்காக நின்ற நாய்

எள்ளெண்ணெய்த் திரி கருகும் மணமும் மழையில் நனைந்த நாயின் மணமும் ஒன்றாகக் கலந்தால், எனக்கு அது ரொறன்ரோவின் புரட்டாதி மாதம். மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கதவைத் திறந்ததும் அந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீல்ஸ் வீதியோடு வீடுகள் முடிந்து சோளவயல்கள் தொடங்கிய காலம். எனக்குப் பதினொரு வயது. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத என்னைப் பார்த்து, "காலிலை சில்லுப் பூட்டினது" என்று அம்மா சொல்வார்; கால் நின்றாலும் கை ஆடும், கை நின்றாலும் வாய் ஓடும்.

அந்த வீட்டுக்கு என்னைவிட ஆடுகிற ஒன்றை அப்பா காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரோடு கதிரைத் தொழிற்சாலையில் வேலைசெய்த மனுவேல் என்ற போர்த்துக்கேயர், இலையுதிர்காலம் முழுவதும் துப்பாக்கியோடு புதர்க்காடுகளில் பறவை தேடித் திரிந்தவர், முழங்கால் பழுதாகி, நாய் வளர்க்கவிடாத ஒரு மாடிக் கட்டடத்துக்கு மகளோடு குடிபோனார். ஒரு வயதும் ஆகாத அவருடைய நாய் எங்களிடம் வந்தது. ஈரல் நிறத் தலை, தொங்கும் காது, வெள்ளை உடம்பில் மை தெளித்ததுபோலப் புள்ளிகள். அப்பாவுக்கு நாய் என்றாலே ரைகர்தான், ஆகவே அதற்கும் அதே பெயர். பறவையின் வாடை பட்டதும் ஒரு முன்னங்காலை மடித்துத் தூக்கி, வாலை நீட்டி, மூக்கை அந்தத் திசைக்கு ஏந்திச் சிலையாகிவிடுகிற "பொயின்ரர்" சாதி அது. சிலையாவது அதன் இரத்தத்திலேயே உண்டு, சிலையாகவே இருப்பதைத்தான் பழக்கவேண்டும் என்று மனுவேல் சொல்லி அனுப்பியிருந்தார். ரைகர் கண்ணிமைக்கும் நேரம் சிலையாக நிற்கும், பிறகு பாய்ந்துவிடும்.

அம்மாவின் புரட்டாதிச் சனி விரதத்தில்தான் அது வந்து மோதியது. சனிக்கிழமைகளில் அம்மா தலைமுழுகி, சனீஸ்வரனுக்கு எள்விளக்கு ஏற்றி, சமைத்த எல்லாவற்றிலும் ஒவ்வொரு துளி எடுத்து, உறைபெட்டியிலிருந்து இளக்கிய வாழையிலைத் துண்டில் வைத்துப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோவார். காகம் வந்து ஒரு வாய் எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். முதல் சனி, காகம் இறங்க முன்னமே ரைகர் பாய்ந்தது. காகங்கள் மின்கம்பியில் ஏறி இருந்து ஏசின. அம்மா யன்னலோரம் வெறும் வயிற்றோடு காத்திருந்தார். பின்னேரம் இரண்டு கடற்பறவைகள் பிளாசாக் கடைகள் பக்கமிருந்து வந்து வேலியில் இருந்தபோது அப்பாவுக்கு ஒரு வழி தெரிந்தது.

"உந்தச் சீகல் திண்டாக் காணாதோ? கடற்காகம் எண்டுதானே அதுக்கும் பேர்."

"சனீஸ்வரன் என்ன, சீகலிலையோ வாறவர்?"

அன்று இருட்டும்வரை அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த சனி ரைகரைக் கராஜில் அடைத்தோம். அது உள்ளே இருந்து ஊளையிட, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். காகங்களோ நாய் இல்லாத முற்றத்தை இன்னும் அதிகமாகச் சந்தேகித்தன. எந்தச் செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதோ என்று தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துவிட்டுச் சோளவயலுக்குப் போய்விட்டன. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்த அம்மா, குரலை உயர்த்தாமல் அப்பாவிடம் சொன்னார்:

"கடைசிச் சனி வரைக்கும் பாப்பன். அதுக்குள்ளை உது நிண்டு பழகாட்டில், கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

கொடுப்பதென்றால் மனுவேலுக்கல்ல, அவரால் எடுக்க முடியாது. வடக்கே எங்கோ இருந்த, எனக்கு முகம் தெரியாத ஒரு பண்ணைக்காரருக்கு. நான் அன்று சோற்றில் கைவைக்கவில்லை. அம்மாவின் விரதத்துக்குப் போட்டியாக ஒரு விரதம்.

ஞாயிற்றுக்கிழமை மனுவேல் ஊன்றுகோலோடு வந்தார். ஒரு நீளக் கயிறு, தூண்டில் தடி, அதன் நுனியில் கட்ட ஒரு காட்டுக்கோழியின் சிறகுச் செட்டை, இவ்வளவும் கொண்டுவந்தார். ஒரு சொல்தான், அதையும் ஒரு தரம்தான் சொல்லவேண்டும். பாய்ந்தால் அடிக்கக்கூடாது, ஏசக்கூடாது, தூக்கிவந்து முதல் நின்ற இடத்திலேயே நாலு காலையும் திரும்ப வைக்கவேண்டும் என்றார். யன்னல் வலைக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு அதையெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா ஆர்வம் காட்டவில்லை. ஊரில் நாய் உரசினால் உடுப்பு மாற்றுகிறவர் அவர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் ரைகரும் முற்றத்தில். செட்டை புல்லில் அசையும், ரைகர் காலைத் தூக்கும், நான் "நில் நில் நில் நில்" என்று மழைபோலக் கொட்டுவேன், கயிற்றைச் சுண்டுவேன், நாய் குழம்பிப் பாயும், நான் அழுவேன். இப்படியே நாட்கள் போயின, மேப்பிள் இலைகள் சிவந்தன, கடைசிச் சனி கிட்ட வந்தது. ஒருநாள் அப்பாவின் குளிர்ச்சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அம்மா படியிறங்கி வந்து கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

"நீ ஆடுறாய், அது ஆடுது. தா இஞ்சை. நிண்டு பழகின ஆள் நான்."

அப்பா எங்களைக் கனடாவுக்குக் கூப்பிடும்வரை கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் என்னையும் வைத்துக்கொண்டு, விசாவுக்காக ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் வரிசையில் அம்மா நின்ற காலத்தை நான் அரைகுறையாகத்தான் அறிவேன். ஆனால் அந்த நிற்பை அன்று முற்றத்தில் கண்டேன். செட்டை அசைந்தது. ரைகர் காலைத் தூக்கியது. அம்மா ஒரே ஒரு தரம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "நில்" என்றார். அது பாய்ந்தது. அம்மா மூக்கைச் சுளித்தபடி, அதன் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தார். திரும்பவும் பாய்ந்தது, திரும்பவும் வைத்தார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. அடுப்பில் பருப்பு வேகட்டும் என்று விட்டுவிட்டு வந்தவர்போல நின்றார். அந்தக் கிழமை முழுவதும் தடி என் கையில், கயிறு அம்மாவின் கையில்.

கடைசிச் சனி, சோற்றை வைத்து "கா, கா" என்று கூப்பிடும் வேலை எனக்கு வந்தது, அம்மாவின் கையில் கயிறு இருந்ததால். வைத்துவிட்டு வேலியோரம் போய், என் கைகளை நானே கட்டிக்கொண்டேன். காகங்கள் கம்பியில் இருந்து நாயைப் பார்த்தன. நாயும் பார்த்தது. கடைசியில் ஒன்று இறங்கி, புல்லில் பக்கவாட்டில் நடந்து, நின்று, நடந்து வந்தது. ரைகரின் முன்னங்கால் மடிந்து எழுந்தது, வால் நீண்டது, முதுகுத்தோல் சுண்டிவிட்ட கம்பிபோல நடுங்கியது. அம்மாவின் கையில் கயிறு தளர்ந்து கிடந்தது. "நில்" என்ற சொல் கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. காகம் இலையைச் சுற்றி வந்து, பொரித்த வாழைக்காய்த் துண்டொன்றைக் கொத்திக்கொண்டு எழும்பியது. பிறகு இன்னொன்று வந்தது, பிறகு மற்றவை. ரைகர் நின்றது.

இனி உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று நான் கிசுகிசுத்தேன். அவை தின்று முடிக்கட்டும் என்று அம்மா கண்ணால் காட்டினார். பசியோடு இருவர், அம்மாவும் ரைகரும், ஒருவர் பக்கத்தில் ஒருவர், கடைசிப் பருக்கை போகும்வரை நின்றார்கள். அதன் பிறகு அம்மா படியிலேயே இருந்து சாப்பிட்டார். மிஞ்சிய எள்ளுச்சாதத்தை அதே வாழையிலையில் வழித்து ரைகருக்கு வைத்தார். பண்ணைக்காரரின் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. காகத்துக்குப் பொயின்ற் பண்ணும் நாய் என்றால் வேட்டைக்காரர் மத்தியில் அதைவிட மானக்கேடு வேறில்லை என்று மனுவேல் இருமி இருமிச் சிரித்ததாக அப்பா வந்து சொன்னார்.

அந்தச் சோளவயல்களில் இப்போது வீடுகளும் பிளாசாக்களும். ரைகர் நல்லபடியாக வாழ்ந்து முடித்துப் போயிற்று. பிறகு வந்த ஒரு நோயில் காகங்களும் சில வருடங்கள் அருகிப்போயின. வேலியில் சீகல் இருந்தால் எதையாவது சொல்ல அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு பிக்கரிங்கில் இருக்கிறார், சனி விரதமும் இருக்கிறது. காகங்கள் திரும்பி வந்துவிட்டன.

போன புரட்டாதியில் ஒரு சனி, காதில் தொலைபேசியும் கையில் கார்ச் சாவியுமாக, எங்கேயோ போகும் அவசரத்தில் பின்கதவைத் தள்ளித் திறந்தேன். புல்லில் வாழையிலை. அதற்குக் கிட்ட ஒரு காகம். கதிரையில் இருந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, ஒரே ஒரு தரம் சொன்னார்:

"நில்."

ஒரு கால் வாசலுக்கு உள்ளே, மற்றது இன்னும் ஊன்றாமல், நான் நின்றேன்.