பிரேக் டீச்சரின் வலது கால்

என் மனைவிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் சொதப்பினால் இவள் கால் அதற்குப் போகும். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். அவள் காதுபட அதைச் சொல்ல என்னைத் தவிர யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தைரியம் வரும்.

வலது குதிகாலுக்குச் சற்று மேலே அவளுக்கு ஒரு வலி வந்தது. வந்தது போகவே இல்லை. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவாள். நரம்புப் பிடிப்பு என்று நானே முடிவு கட்டித் தைலம் தேய்த்துவிட்டேன். வீடு மணத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் பாதசாரிகள் கடக்கும் இடத்தில் மாணவி ஒருத்தி தடுமாற, இவள் பிரேக்கை மிதித்தாள். வலி சுள்ளென்று இழுத்ததில் கால் ஒரு கணம் தயங்கிவிட்டது. கார் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வந்த ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டாளாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாரும் புகார் செய்யவும் இல்லை. ஆனால் இவள் நேராக முதலாளியிடம் போய், கால் சரியாகும்வரை காரில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டேன். முதலாளி அவளைச் சாலைக் குறியீட்டு வகுப்பு எடுக்க அனுப்பினார். புது வருஷம் வரை பார்ப்பேன், அப்புறம் அந்த இருக்கைக்கு வேறு ஆள் போடுவேன் என்றும் சொன்னார். கரும்பலகையும் குச்சியுமாக அவள் முகம் வாடிப்போனது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பிறகு நாங்கள் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என் தைலத்தை ஒரே வரியில் ஒதுக்கினார். இது நரம்பு இல்லை, கெண்டைச்சதையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் தசைநாண், படுக்கப் போட்டால் இன்னும் பலவீனமாகும், வேலை கொடுத்தால்தான் தேறும் என்றார். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எழும்ப வேண்டும். பிறகு நல்ல காலைத் தூக்கிக்கொண்டு, வலிக்கிற குதிகாலைப் படிக்குக் கீழே வரை இறக்க வேண்டும். தாங்கும் அளவு வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். வலிக்கிற காலுக்கே வேலையா என்று நான் குறுக்கே புகுந்தேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அன்றிலிருந்து எங்கள் மாடிப்படியில் தொம் தொம் என்று சத்தம். என்ன இடிக்கிறீர்கள் என்று கீழ்வீட்டுக்காரர் வந்து கேட்டார். வலி குறைவதற்குப் பதில் ஏறியது. மறுபடி போனபோது, செய்து காட்டச் சொல்லிப் பார்த்தார் பிசியோதெரபிஸ்ட்.

"டீச்சர், நீங்க குதிகாலைப் போடுறீங்க. இறக்கணும். மருந்தே அந்த மெதுவுலதான் இருக்கு."

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்தக் கால் பழகியது ஒன்றே ஒன்று, சடாரென்று மிதிப்பது. ஆனால் வாயோ, கிளட்சை மெதுவாக விடு என்று காலையிலிருந்து மாலைவரை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது. அன்று சாயங்காலம் படியில் நின்று தன் காலையே அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அவசரப்படாத. விடு... இன்னும் மெதுவா விடு."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. முதுகில் ஒரு பையை மாட்டி, அதில் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கூட்டினாள். வலி கூடிய நாளில் குறைத்தாளே தவிர நிறுத்தவில்லை. வலியே இல்லாத நாளில் துள்ளிக் குதிக்கவும் இல்லை. நான் மலைத்துப்போனது இதைப் பார்த்துத்தான். நான் ஆசையாக வாங்கிய நடைப்பயிற்சி இயந்திரத்தில் இன்றைக்கும் துண்டுதான் காய்கிறது.

மழைக்காலம் முடிவதற்குள் காலையில் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பிசியோதெரபிஸ்ட் காரில் ஏறலாம் என்றார். முதலாளியும் கூப்பிட்டார். இவள் போகவில்லை. பயிற்சிக் காரைக் கேட்டு வாங்கி, விடுமுறை நாளில் ஆளில்லாத ஒரு கிடங்கு மைதானத்துக்கு என்னைக் கூட்டிப் போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார வைத்தாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாதி ஊருக்குக் கற்றுக் கொடுத்தவள், என்னை மட்டும் இரண்டாம் நாளே கைகழுவிவிட்டாள்.

"போற போக்குல எப்ப வேணா தப்பு பண்ணுங்க. சொல்லிட்டுப் பண்ணாதீங்க."

என்னை ஏன் பலிகொடுக்கிறாய் என்று கேட்டேன்.

"வேற யாரு பிள்ளைய வெச்சு இந்தக் காலைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்றீங்க?"

என்ன தப்புச் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அதற்குள் நிஜமாகவே ஒன்று நடந்துவிட்டது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கிடங்குச் சுவர் பாய்ந்து வந்தது. பெல்ட் நெஞ்சை அழுத்த, கார் சுவருக்கு வெகு முன்னாலேயே நின்றது.

அவள் கால் இன்னும் பிரேக்கின் மேல் அழுத்தமாக இருந்தது. சிறிதும் நடுங்கவில்லை.

"வலிக்கலங்க," என்றாள். அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, காரைத் தானே பின்னுக்கு எடுத்துத் தந்தாள். திரும்பத் தன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை. இப்ப இன்னும் வேகமா போங்க."

எனக்கு ஓட்டத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கால் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு என்ன பயம்? சுவரைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.