முள் இறங்காத சிலிண்டர்

செங்கல்பட்டில் வேதியியல் டியூஷன் எடுப்பவன் நான். தை மாதத்தில் தங்கைக்கு மாமல்லபுரத்தில் கல்யாண வரவேற்பு. சோடா என் பொறுப்பு. சோடாக்காரர் ஒல்லியானவர். சோடாவுக்கு வாயு ஏற்றும் எந்தச் சிலிண்டரையும் கையால் ஒருமுறை தூக்கிப் பார்க்காமல் குழாயை மாட்டமாட்டார். அன்று தூக்கியதும் முகம் சுளித்தார்.

“லேசா கீது சார். வேற எடுத்தாந்துடறேன்.”

மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கே வந்துவிட்டார்கள். எனக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

“மீட்டரைப் பாருங்க, முள் மேலேயே நிக்குது. அழுத்தம் இருந்தா வாயு இருக்குன்னு அர்த்தம். நான் நடத்துற பாடமே இதுதான்.”

“உங்க பாடத்துல கேஸுங்க ஒன்னையொன்னு கண்டுக்காம ஓடும் சார். இங்க உங்க சொந்தக்காரங்க மாதிரி ஒட்டிகினு தண்ணியா கெடக்குது. அந்தத் தண்ணி தீர்ற வரிக்கும் முள்ளு இறங்காது. எடையத்தான் நம்பணும்.”

“மாட்டுங்க, நான் பார்த்துக்கிறேன்.”

மாட்டிவிட்டு நகர்ந்தார். டம்ளர்களில் சோடாவை நானே பிடித்துக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் முள் மடமடவென்று விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை உற்றுப் பார்த்தார். “இன்னா தம்பி, வெறும் தண்ணியா கீது?”

நான் மீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சோடாக்காரரின் வண்டி உள்ளே நுழைந்தது. பின்னால் வேறொரு சிலிண்டர். முள் விழுவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார்! திட்டுவார் என்று பார்த்தேன்.

“தூக்கிப் பாருங்க சார்” என்றார், அவ்வளவுதான்.

தூக்கினேன். இன்றும் PV = nRT என்ற வாயுச் சூத்திரத்தைப் பலகையில் எழுதினால் எனக்கு இடுப்பு வலிக்கிறது.