கொல்லத்தில் இருந்தவரின் டப்பி

என் உத்தியோகத்தில் புண் கழுவுவதோ கட்டி கீறும்போது கூட நிற்பதோ எனக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. டப்பி கொடுப்பதுதான் சிரமம்.

சின்ன ராஜாவுக்கு வயது வராததால் மகாராணி ரீஜெண்டாக இருந்து ஆண்ட காலம் அது. திருவனந்தபுரத்தில் நர்ஸ் வேலை படித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் பாறசாலைப் பக்கத்து டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தேன். குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவை ஒழித்துவிடுவது என்று சர்க்கார் இறங்கியிருந்தது. மூக்குப்பொடி டப்பி அளவில் சிறிய தகர டப்பிகள் கட்டுக்கட்டாக வந்தன. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டப்பி கொடுக்க வேண்டும். மறுநாள் காலை ஒவ்வொருவரும் தங்கள் மலத்தில் சுண்டைக்காயளவு அதில் எடுத்து வைத்து, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டித் தர வேண்டும். டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்.

இதைக் கல்யாணம் ஆகாத ஒரு பெண்பிள்ளை முற்றத்தில் நின்று ஆண்களிடம் சொல்ல வேண்டும். நான் பாதி சொல்லும்போதே சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருவர் டப்பியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "பொடி ஒண்ணும் இல்லியே" என்று வருத்தப்பட்டார். ஒற்றசேகரமங்கலத்துக்குப் போகும் வழியில் ஒரு வீட்டம்மாள் அதில் குங்குமம் நிரப்பி வைத்துக்கொண்டு, "ரெம்ப உபகாரம் பிள்ளே, எனக்க தங்கச்சிக்கும் ஒண்ணு கிட்டுமா?" என்று கேட்டாள்.

படித்த இடத்தில் எங்களுக்கு ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் கண்டதும் கேட்டதும் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. புருஷனுடைய நோயைப் பெண்டாட்டியிடம்கூட அவன் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. அப்படியானால் இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்கலாம். நான் யார் பேரையும் சொல்லப்போவதில்லை. வீட்டையும் இடம் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். தேடிப் போனால் கிடைக்காது.

அந்த வீட்டுக்காரர் தாசில் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் சாதிதான், சுற்றி வளைத்துப் பார்த்தால் எனக்கு மாமா முறை. அதனால் என்னைக் கூடம்வரை விட்டார். நர்ஸ் வேலை பார்க்கிறவள் என்பதால் அதற்கு அப்பால் விடவில்லை. வீட்டில் அவரும் அவர் மனைவியும் மருமகளும் மட்டும்தான். மகன் கொல்லத்தில் உத்தியோகம் பார்த்தான்.

நான் மூன்று டப்பிகளை எடுத்து வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணினார்.

"நாலு வேணுமே."

"மூணு பேருதானே இருக்கிய மாமா?"

"மகன் கொல்லத்திலயாக்கும். ஆனா குடும்ப லிஸ்டில அவனுக்க பேரு உண்டு. ரிக்கார்டு முழுசா இருக்கணும்."

வாதாடத் தெரியாமல் நாலாவதையும் கொடுத்தேன்.

அப்போதுதான் மருமகளைப் பார்த்தேன். சமையலறை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். உதடும் நகமும் சோற்றுக்கஞ்சி நிறத்தில் வெளுத்திருந்தன. முந்தானைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து வாயில் போட்டாள். கடக்கென்று சத்தம் கேட்டது. உடைந்த மண்சட்டித் துண்டு. ரத்தம் குறைந்தவர்களுக்கு இப்படி மண் தின்னத் தோன்றும்.

"சோம்பேறியாக்கும்" என்றாள் அவள் மாமியார், அவள் காது கேட்கவே. "கிணத்தில ஒரு குடம் வெள்ளம் கோரினா மூணு இடத்தில தளந்து இருப்பா. வந்து மூணு வருசமாச்சு, வயித்தில ஒரு புழு பூச்சி இல்ல."

புழு இருக்கலாம் அத்தை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மருமகளின் கால்விரல் இடுக்குகளில் சொறிந்து சிவந்த புண்கள் இருந்தன. கொக்கிப்புழுக் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும். அந்த வீட்டில் மிதியடி போட்டு நடந்தவர் மாமா ஒருவர்தான். பெண்கள் இருவரும் விடிவதற்குள் வெறுங்காலோடு வாழைத்தோட்டத்தில் வெளிக்குப் போய் வருவார்கள்.

மறுநாள் நான்கு டப்பிகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் முத்துமுத்தான கையெழுத்தில் பெயர், வயது, உறவு. கூடவே வரிசை எண் போட்ட ஒரு பட்டியல், அதற்கு இரண்டு நகல். இவ்வளவு ஒழுங்காக எந்த வீடும் அனுப்பியதில்லை என்று நான் பூரித்துப்போனேன்.

டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர், பேச்சு முக்கால்வாசி மலையாளம். கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார்.

"சிஸ்டரே, இங்ஙோட்டு வா. இது ஒந்நு நோக்கு. இந்த வீட்டில நாலு பேரும் புல்லு தின்னுந்நு!"

நானும் பார்த்தேன். நாலிலும் புல் நார். மாமா தொழுவத்துக்குப் போய் ஒரே இடத்தில் நான்கு டப்பிகளையும் நிரப்பியிருக்கிறார். கொல்லத்தில் இருந்த மகனின் டப்பியும் தளும்பத் தளும்ப இருந்தது.

சிரித்து முடித்ததும் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் புழுவைப் பற்றிப் பிரசங்கம் செய்ய இருந்தார். அங்கே பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள், புழுவும் மனதில் நிற்கும் என்றார்.

"பேரு சொல்லணும்ணே இல்ல சார். கொல்லத்தில மகன் உள்ள பென்ஷன் குமாஸ்தா இந்தப் பக்கத்தில எத்தன பேரு உண்டு?" என்றேன்.

அவர் யோசித்தார். "ஒராளு."

"பின்ன அந்த வீட்டு மருமகளுக்கு மருந்து குடுக்க நம்மள உள்ள விடுவாவளா?"

அவர் முகம் மாறியது. நல்ல மனுஷர், சிரிப்பை விட்டுக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் நான் உண்மையான டப்பிகளைக் கொண்டுவந்தால் கதையை மறந்துவிடுகிறேன் என்றார்.

நேரே போய் மாமாவிடம் கேட்டால் பசுவையும் பாலையும் பற்றிப் பேசி என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷக் குமாஸ்தாவால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். பதில் எழுதாத மெமோ. நான் உட்கார்ந்து ஒரு மெமோ எழுதினேன். டாக்டர் பெயரில் எழுதக் கை துறுதுறுத்தது. அது பொய்யாகிவிடும் என்று என் கையெழுத்தையே போட்டேன்.

"தாங்கள் அனுப்பிய டப்பிகள் நான்கும் வரப்பெற்றோம். நான்காம் டப்பிக்கு உரியவர் கொல்லத்தில் வசிப்பதாகத் தங்கள் பட்டியலே கூறுகிறது. அவருடையது இங்கு வந்து சேர்ந்த விவரத்தையும், குடும்பத்தார் நால்வரும் புல் உண்ணத் தொடங்கிய நாளையும் தயவுசெய்து எழுதித் தெரிவிக்கவும்."

உறையில் போட்டு ஒட்டி நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவர் பிரித்துப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். காதிலிருந்த பேனாக்கட்டையை எடுத்தார், திரும்ப வைத்தார். கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மெல்ல மேலேறிக் காதுவரை போனது.

"இது ஆருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கும் எனக்கும் மட்டுந்தான் மாமா."

"பசுவுக்கும்" என்றது சமையலறையிலிருந்து அத்தையின் குரல்.

அவர் அந்தப் பக்கம் திரும்பி முறைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எட்டி பிள்ளே, எனக்க வீட்டுப் பெம்பிளைகளுக்க இதை அன்னியன் ஒருத்தன் கண்ணாடி வச்சுப் பாக்கணுமா? மானம் மரியாதை ஒண்ணு உண்டுல்லா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பெண்களுடையதை நானே பார்க்கிறேன், எனக்கும் மைக்ராஸ்கோப் பழக்கித் தந்திருக்கிறார்கள் என்றேன். அவருக்கு விருப்பமில்லை என்றால் அவர் தர வேண்டாம், மருமகளுடையது மட்டும் போதும், அவளுக்குச் சம்மதம் இருந்தால்.

"அவளுக்க சம்மதம் நான் தாறேன்."

"அது அவ தரணும் மாமா. டப்பியில ஒட்டியது அவளுக்க பேராக்கும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து மருமகள் பேசினாள். அந்த வீட்டில் அவள் குரலை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"எனக்கு ஒண்ணு தாருங்கக்கா. ரெண்டு வேணும்ணாலும் நெறச்சுத் தாறேன்."

அத்தை சமையலறைக்குள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு வெளியே கேட்டது. நான் போகும்போது பின்வாசலில் அவளும் கையை நீட்டி ஒரு டப்பி வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மாமாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. துணியில் சுற்றி, நூல் கட்டி, மேலே அரக்கு முத்திரை வைத்து, "அந்தரங்கம்" என்று எழுதியிருந்தது. உள்ளே அவருடைய டப்பி. டாக்டர் அந்த முத்திரையை உடைக்கும்போது எழுந்து நின்றார்.

என்ன தெரிந்தது என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகத்தான் சொன்னேன். மாமாவிடம் தென்னந்தோப்பில், அத்தையிடம் தொழுவத்தில், மருமகளிடம் கிணற்றடியில். அத்தை மருமகளுடையதைக் கேட்டாள், சொல்லவில்லை. "உனக்க மாமாவுக்க உள்ளதயாவது சொல்லு" என்றாள். அதையும் சொல்லவில்லை. "இது என்ன எழவு உத்தியோகம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அரக்கு முத்திரைப் பொட்டலத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"அவருக்கும் புழு உண்டாமே, நெசமா?"

"உங்களுக்க உள்ளத நான் இதுவரைக்கும் ஆருட்டயும் சொல்லல இல்லியா?" என்று கேட்டேன். ஆளுக்கொரு துணியை எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினார்கள்.

பின்னாளில் மூவரும் தாங்களே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததால் நானும் சொல்லலாம். மூன்று பேருக்கும் புழு இருந்தது, தோட்டத்துக்கு மட்டும் மிதியடியைக் கழற்றிவிட்டுப் போன மாமாவுக்கும். மருமகளுக்குத்தான் ஏராளம். அந்தச் 'சோம்பேறி'க்கு உடம்பில் ரத்தமே பாதிதான் இருந்தது. டாக்டர் அவளுக்கு முதலில் சில வாரம் இரும்புச்சத்து மருந்து கொடுத்துத் தேற்றினார். அதற்குள் தோட்டத்தில் குழி கக்கூஸ் ஒன்று தோண்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மருந்து குடித்துவிட்டுப் பழையபடி வாழையடிக்குப் போனால், வெளியேறிய புழுவின் முட்டை மண்ணில் குஞ்சு பொரித்துக் காலேறித் திரும்பி வரும். மாமா அடிக்கோல் வைத்துப் படம் வரைந்து, ஆள் வைத்துத் தோண்டி, ஓலை மறைப்பும் கதவும் போட்டார். பூட்டும் போட்டார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

மூன்று பேருக்கும் மருந்தையும் பேதி உப்பையும் ஒரே காலையில் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு நாளாகக் கொடுத்திருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று டாக்டர் கேட்டபோது, வேலை சுருக்கமாக முடியும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

முதலில் உள்ளே போனவர் சாவிக்காரர். அத்தை கதவுக்கு வெளியே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"உள்ள இருந்து கச்சேரி ரிக்கார்டா எழுதுதிய? இறங்கி வாருங்க!"

"இரு, வாறேன்."

"நான் இருக்கியதுக்குத்தான் இடம் கேக்கியேன்!"

மருமகள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கும் சிரிக்க நேரமில்லை. அன்று மத்தியானமே மாமா பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்.

செருப்புக்கு வழி கண்டவள் மருமகள். மாமனார் எதிரே மிதியடி போட்டு நடக்கப் பெண்களுக்கு வழக்கமில்லை. அவள் பாக்குமரத்திலிருந்து உதிர்ந்த கமுகம்பாளையைக் காலளவு வெட்டி நார் கோத்தாள். "இது செருப்பு இல்ல, பாளையாக்கும்" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் சரக் சரக்கென்று நடந்தாள். மாமாவால் எந்தச் சட்டத்திலும் பாளைக்குத் தடை கண்டுபிடிக்க முடியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அத்தையும் ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நெய்யாற்றின்கரைக் கோயில் உற்சவத்துக்குப் போகும்போது வழியில் அவர்களைப் பார்த்தேன். மருமகள் வெகு தூரம் முன்னே, தலையில் கூடையோடு வீசி நடந்துகொண்டிருந்தாள். அத்தை ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எட்டி, நீ அவளுக்கு என்ன மருந்தாக்கும் குடுத்த? நடந்தாண்ணா குதிர மாதிரி நடக்குதா. ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுதா. அந்த மருந்தில எனக்கும் இன்னும் ரெண்டு தா. இல்லேண்ணா அவளக் கொஞ்சம் மெதுவா போவச் சொல்லு."

நான் கூவிக் கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நிற்கவில்லை.