மருந்து போடாத கை

ஆதிமூலத்துக்கு எலிதான் படியளந்தது என்று வேங்கிக்காலில் கேலி பேசுவார்கள். பொய்யில்லை. கீழ்பென்னாத்தூரில் எட்டாவது வரை படித்தவர், 1989இல் சென்னைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் எலி அறையில் வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று வருடம் ஓட்டினார். புற்றுக்கட்டியைச் சுட அனுப்பும் புரோட்டான் கதிர், வழியில் இருக்கிற நல்ல சதையை என்ன பாடு படுத்துகிறது என்று எலியின் பின்னங்காலில் வைத்துப் பார்க்கிற இடம் அது. தீவனம் வைப்பது, கூண்டில் உமி மாற்றுவது இவற்றோடு, தினமும் கால்களைத் தூக்கிப் பார்த்து மார்க் போடுவதும் அவர் வேலை. சிவந்தால் ஒன்று. தோல் உரிந்தால் ஒன்றரை. நீர் கசிந்தால் இரண்டு.

சேர்ந்த புதிதில் ஓர் எலி புண்ணை நக்கியபடியே கிடந்தது. மனசு கேட்காமல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பெரிய டாக்டர் திட்டவில்லை. எண்ணெய் பட்ட புண்ணின் கணக்கு செல்லாது என்று அந்தக் கூண்டு எலிகள் ஆறையும் ஆய்விலிருந்து தள்ளிக் கொல்லச் சொல்லிவிட்டு, "ஆறு எலி உன்னால வீணா செத்துதுய்யா" என்றார். அதற்குப் பிறகு அவர் கை எந்தப் புண்ணுக்கும் மருந்து போடப் போகவில்லை.

2002இல் ஊர் திரும்பினார். மறு வருடமே மனைவி உண்ணாமலைக்கு மார்பில் கட்டி. அறுத்து எடுத்த பிறகு இருபத்தைந்து நாள் கதிர் வைக்க வேண்டும். இது எல்லா ஊரிலும் வைக்கிற சாதாரணக் கதிர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் பஸ். பதினைந்தாம் நாள் தோல் சிவந்தது. நர்ஸ் ஒரு களிம்பு கொடுத்தாள். ஆதிமூலம் அதை அலமாரியில் வைத்துவிட்டார்.

"எதுவும் போடக் கூடாது. அதுவா வரும், அதுவா ஆறும். நான் எத்தினி பாத்திருக்கேன்."

"எரியுதுங்க."

"எரியத்தான் செய்யும். தொடாத."

எதிர்வீட்டு ஜோதியம்மாள் கோயில் விபூதி கொண்டுவந்தாள். அதையும் நெற்றியோடு நிறுத்தினார். விவரம் தெரிந்த மனுஷன் என்று உண்ணாமலை நம்பினாள். அவரும் நம்பினார். காலையில் புண்ணைப் பார்த்துவிட்டு, காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு மார்க் எழுதுவார்.

பத்தொன்பதாம் நாள் ரவிக்கை புண்ணோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு நனைத்துப் பிரித்தார்கள். வலி அடங்கியதும் அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"அது என்ன நம்பருங்க?"

சொன்னார்.

"அப்ப நானும் கூண்டுலதான் இருக்கேன்னு சொல்லுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.

அவர் தனியாக ஆஸ்பத்திரியில் போய் நின்றார். "களிம்பு தடவுனீங்களா?" என்றாள் கதிர் வைக்கிற டாக்டரம்மா. "இல்லீங்க." "ஏன்?"

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த களிம்பை எடுத்துத் தடவிவிட்டார். மூன்றாம் நாள் எரிச்சல் கம்மியானது.

"இத்தினி நாளும் இது அலமாரியிலயா இருந்துச்சு?" என்று கேட்டாள் உண்ணாமலை. பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பாக்கி ஆறு நாள் கதிருக்கு மட்டும் எவ்வளவு சொல்லியும் வரவில்லை.

2005இல் நோய் நுரையீரலில் வந்தது. அந்த ஆறு நாளால்தான் என்று சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. ஆதிமூலம் தலையாட்டினார்.

கடைசி இரண்டு மாதம் முதுகில் படுக்கைப்புண். ஒரு நாளைக்கு நாலு தடவை புரட்டிப் போட்டு மருந்து தடவினார்.

"போதுங்க, இப்பதான போட்டீங்க" என்பாள்.

"இன்னும் கொஞ்சம்" என்று மறுபடியும் தொட்டெடுப்பார்.