பிளியே, புளியே

மாடியில் குழந்தைகளுக்கு நடனம் சொல்லித்தரும் பெண் "பிளியே!" என்று கூவும்போதெல்லாம், ஓசூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்கும் எனக்கு எச்சில் ஊறிவிடும்.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரி கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நாடகம். சிறகு கட்டிய சம்மனசுகளாக எங்களை ஆடவைக்க பெங்களூரிலிருந்து டெய்சி டீச்சர் வந்திருந்தார். பாலே என்றார். பிரான்சில் ராஜாவே ஆடிய ஆட்டமாம். அதனால் அசைவுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயராம். பெஞ்சைப் பிடித்து, குதிகால்களை ஒட்டி, பாதங்களை இருபுறமும் திருப்பி நின்றோம். என்ன ஆனாலும் குதிகால் தரையை விடக்கூடாதாம்.

"பிளியே!" என்றார்.

எனக்குப் புளி என்று கேட்டது. எடுத்துவர எதிரே இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடினேன். என் பக்கத்தில் நின்ற வேப்பனப்பள்ளி நாகியின் தெலுங்கு வீட்டில் புளிக்குச் சிந்தபண்டு என்று பெயர்; அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புலிதான். "அம்மோ, புலி!" என்று பெஞ்சின்மேல் ஏறிவிட்டாள்.

நான் புளி உருண்டையோடு திரும்பினேன். டீச்சர் முகம் சிவந்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஆடவே வேணாம்."

நாகி அழுதாள்.

"நீங்கதான டீச்சர் கேட்டீங்க?" என்று உருண்டையை நீட்டினேன்.

என்ன நினைத்தாரோ, கிள்ளி வாயில் போட்டார். கண் இறுகியது. உதடு குவிந்தது. முதுகு நிமிர்ந்தபடியே முழங்கால்கள் விரிந்து மெல்ல மடங்கின.

"ஐயோ, இதாம்மா பிளியே!" என்று சிரித்தார். சிறகு எங்களுக்கும் கிடைத்தது.

மேலே மறுபடியும் "பிளியே!" கேட்கிறது. குழம்புக்குப் புளி கரைத்த கையோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொள்கிறேன். முழங்கால் முனகிக்கொண்டே மடங்குகிறது. குதிகால் மட்டும் தரையை விடவில்லை, டீச்சர்.